ஏரிக்கரையில் அம்மாவை விட்டுவிட்டுப் போன பஸ்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை, இரண்டு கை, இரண்டு கால், மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற நலம். காலையில் தலைக்குக் குளித்தேன், முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டேன், இப்போது பயணிகள் தங்குகிற ஹாஸ்டல் சமையலறையில் நீள மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் நலத்தைத்தான் நான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒழுங்காகத் தூங்கவில்லை என்றாய், தொண்டையும் கட்டியிருந்தது. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ அதை முடித்துவிடுகிறாய், அதுவும் நான் முடிக்க நினைத்த மாதிரி இல்லை. அதனால்தான் கடிதம். எழுதுகிறவளை யாரும் நடுவில் மறிக்க முடியாது. பக்கங்களைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புகிறேன், தாளைத் தபாலிலும் போடுகிறேன். முழுசாக ஒரு தரம் படி. படித்து முடிக்கும் வரை அப்பாவைக் கூப்பிடாதே, மாமாவைக் கண்டிப்பாகக் கூப்பிடாதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் வீடு திரும்ப நீ விமான டிக்கெட் போட்டுவிட்டாய், என்னைக் கேட்காமலே. ஜன்னலோர சீட், வழியில் சாப்பாடு, அதோடு சக்கர நாற்காலி உதவியும் கேட்டு வைத்திருக்கிறாய். எனக்கு இன்னும் ஐம்பது கூட ஆகவில்லை சிட்டு. இந்தப் பாதையில் தெற்கே இருக்கிற கடைசிப் பெரிய ஊரிலிருந்து அந்த விமானம் கிளம்புகிறது. அந்த ஊரையும் தாண்டி, ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற கலங்கரை விளக்கம் வரை போக வேண்டும் என்றுதான் நான் வீட்டை விட்டே கிளம்பினேன், அது உனக்கும் தெரியும். நாளைச் சாயங்காலத்துக்குள் சொன்னால் டிக்கெட்டை ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு முடியாது என்றாய். ஆகவே கேள்வி ஒன்றுதான், நான் பாதியில் திரும்புகிறேனா, கடைசி வரை போகிறேனா. பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன என்று சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் மறுபடி சண்டைக்கு வருவாய். நீ கேள்விப்பட்டதெல்லாம் துண்டு துண்டாக, ஒவ்வொருவர் வாயிலும் கொஞ்சம் கொஞ்சம் வளர்ந்து வந்தது.

அப்பா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, கடையில் ஸ்டூலை மாற்றிவிட்டு முதுகு சாய்கிற நாற்காலி போட்டுக்கொண்டார். கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்ததும் தினமும் கூப்பிடுகிறார். நலம் விசாரிக்க என்று நினைத்துவிடாதே, உப்பு ஜாடி எங்கே, தலையணை உறை எங்கே, மோட்டார் சுவிட்ச் மேல்பக்கமா கீழ்பக்கமா, இதற்குத்தான். பஸ் மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் அவருக்குக் குமட்டிவிடும், நம் வீட்டுக் காரில் பக்கத்து ஊருக்குப் போவதற்கே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வருகிறவர். நான் கிளம்பும்போது அவர் சொன்னது, நீ ஊரைப் பார்த்துட்டு வா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன், வீடு எங்கேயும் ஓடாது, எனக்குத்தான் சுலபமான வேலை என்று. ஏரிக்கரை விஷயம் கேட்டதும் நீ அழுதாயாம். அவர் என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும், உங்கம்மா தொலையற ஆள் இல்லை, அவ போன இடத்துல மத்தவங்கதான் தொலைவாங்க என்றாராம். மாமாவுக்கு மட்டும் தாங்கவில்லை. வயசுப் பசங்க போற பஸ்ல இவளுக்கு என்ன வேலை, நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது என்று குதித்தாராம். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய் வேறு யாரோ கல்யாணத்தில் மொய் எழுதி, சாப்பிட்டு, போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்த மனிதர் அவர். என் வழியைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையில்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடு.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். நீ நினைக்கிற மாதிரி இது கண்ட கண்ட வண்டி இல்லை. ஒரு பாஸ் வாங்கிக்கொண்டால் போதும், இந்த நாட்டைச் சுற்றி ஒரே பாதையில் இந்த பஸ்கள் தினம் ஒன்று வீதம் வந்துகொண்டிருக்கும். பிடித்த ஊரில் இறங்கலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், கிளம்பத் தோன்றினால் பின்னால் வருகிற பஸ்ஸில் ஏறலாம். டிரைவரே மைக்கில் பேசிக்கொண்டு ஓட்டுவார், அருவி என்றால் நிறுத்துவார், சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிடுவார். முதுகுப்பைகள் எல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் இழுத்துவருகிற பெட்டி வண்டியில். எங்கள் டிரைவர் முப்பது வயசுப் பெண், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிறோம். ஏறுகிறவர்கள் முக்கால்வாசி உன் வயசு, இருபது தாண்டியவர்கள், வேலையில் சேருமுன் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று வந்தவர்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஒருவர் நடக்க, பின்னால் தொப்பி போட்ட பெரியவர்கள் வரிசையாகப் போகிற சுற்றுலா எனக்கு ஒத்துவராது என்று நான் முன்பே சொல்லியிருக்கிறேன். இந்த பஸ் விளம்பரத்தில் ராத்தங்கல் ஹாஸ்டலில் என்று பார்த்ததும் மனசு நிம்மதியானது, ஹாஸ்டல் நமக்குத் தெரிந்த இடம்தானே என்று. பெண்கள் கல்லூரி ஹாஸ்டலில் இருபது வருஷத்துக்கு மேல் வார்டனாக இருந்தவள் அடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் ஏறிப் படுக்கிற அழகை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் ஒருத்தி ஈரத்துண்டைக் கட்டில் கம்பியில் போட்டதைப் பார்த்து, என்ன இது என்று வாயைத் திறந்துவிட்டேன். அவள் பாவம், சாரி மேடம் என்று எடுத்துவிட்டாள். அப்புறம்தான் நானும் அதே கம்பியில்தான் துண்டு போட வேண்டும், வேறு இடமே இல்லை என்று தெரிந்தது.

இரண்டாம் நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது. அருவிப் பக்கம் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது நான் என்னையறியாமல் படியில் நின்று, ஏறுகிறவர்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். அது கை செய்கிற வேலை, மனசு செய்கிற வேலை இல்லை. இன்னும் ஒரு ஆள் வரணும் என்றேன், கேப்டன் திரும்பிப் பார்த்தாள், பார்த்தால் ஒரு பெண் கழிப்பறையிலிருந்து தலைதெறிக்க ஓடி வருகிறாள். என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான், அன்றிலிருந்து என் பெயர் வார்டன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேப்டன் மைக்கில் கேட்பாள், வார்டன், எல்லாரும் இருக்காங்களா என்று. நான் எண்ணிப் பார்த்து, எல்லாரும் இருக்காங்க, கிளம்பலாம் என்பேன், பஸ் நகரும். கடைசி வரிசை ஜன்னல்தான் என் இடம். அங்கிருந்தால் எல்லார் பின்னந்தலையும் தெரியும். எனக்கு முன் வரிசையில் ஒரு நெட்டையன், முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் குறுக்கே நீட்டிக்கொண்டு வருவான். என் குரலை அப்படியே எடுத்துப் பேசுவான், பஸ் முழுக்கச் சிரிக்கும், நானும் சிரிப்பேன். எதையாவது தொலைத்துக்கொண்டே வருகிற ஒரு பெண், அவளுக்குத் தொலைச்சவள் என்று நான் மனசுக்குள் பெயர் வைத்திருந்தேன், சார்ஜர், தொப்பி, சாவி எல்லாம் என்னிடம் கொடுத்து வைப்பாள். காலையில் எழுப்பிவிடச் சொல்வார்கள், தலைவலி மாத்திரை கேட்பார்கள், காதல் சண்டைக்குப் பஞ்சாயத்து வைப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். லீவு போட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து, அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று ஓரோர் சமயம் தோன்றும், உடனே யாராவது வார்டன் என்று கூப்பிடுவார்கள், போய்விடுவேன்.

இப்போது அந்த ஏரி. மலைகளுக்கு நடுவில் இருக்கிற பெரிய ஏரி. ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை, பின்பக்கம் கழிப்பறை, மரங்களுக்கு நடுவே கீழே இறங்கிப் போக ஒரு ஒற்றையடிப் பாதை. கேப்டன், கொஞ்ச நேரம்தான், சீக்கிரம் வந்துடுங்க, மத்தியானம் படகு நமக்காகக் காத்திருக்காது என்று சொல்லித்தான் இறக்கினாள். அடுத்த ஊரில் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் கூட்டம் காட்டுகிற படகு அது, எல்லோரும் நாட்கணக்காக அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் தண்ணீர் வரை போனேன். ஷூவைக் கழற்றிவிட்டுக் கல்லில் உட்கார்ந்து காலை நனைத்தேன். எலும்பு வரை ஏறுகிற குளிர். காலை எடுக்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. எதிர்க்கரைப் பக்கமிருந்து காற்று கிளம்பி தண்ணீர்மேல் நடந்து வருவது தெரிந்தது, அது இந்தக் கரைக்கு வந்து சேருகிற வரை பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தேன், அது வந்ததும் அடுத்தது கிளம்பியது. மேலே ஹார்ன் அடித்தது எனக்குக் கேட்டது சிட்டு. நன்றாகவே கேட்டது. இதைத்தான் நான் யாரிடமும் போனில் சொல்லவில்லை. காது கேட்காமலோ தூங்கிப்போயோ நான் பின்தங்கவில்லை. நான் எண்ணாமல் பஸ் எப்படிக் கிளம்பும் என்று சாவகாசமாக ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் போய்ப் பூட்டுகிற வரை கேட் திறந்தே இருக்கும், இத்தனை வருஷம் அப்படித்தானே. மேலே ஏறி வந்து பார்த்தால் டயர் தடம் இருக்கிறது, பஸ் இல்லை.

உள்ளே என்ன நடந்தது என்று பிற்பாடு தெரிந்தது. கேப்டன் வழக்கம்போல மைக்கில், வார்டன், எல்லாரும் இருக்காங்களா என்று கேட்டிருக்கிறாள். நெட்டையன் வழக்கம்போல என் குரலில், எல்லாரும் இருக்காங்க, கிளம்பலாம் என்றிருக்கிறான். நான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பதாக அவன் நினைப்பு. என் சால்வையும் பையும் சீட்டில் இருந்தன. கடைசி வரிசைக்காரியை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள், எல்லாரையும் பின்னாலிருந்து பார்க்கிறவள் நான்தானே. தொலைச்சவள் சார்ஜர் கேட்டுத் திரும்பியபோதுதான் தெரிந்திருக்கிறது, அதற்குள் பஸ் மலையையே இறங்கிவிட்டது. ஊரெல்லாம் பொருளைத் தொலைத்தவள் வார்டனையே தொலைத்துவிட்டோம் என்று அழுதாளாம்.

எனக்குப் பயம் வந்ததா என்று கேட்டாய். வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. கொஞ்ச நேரம் ரோட்டின் நடுவில் அப்படியே நின்றேன். அப்புறம் என் ஹாஸ்டல் பெண் ஒருத்தி இப்படி மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்தால் நான் அவளிடம் என்னென்ன கேட்பேனோ, அதையெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பாஸ்போர்ட் எங்கே, இடுப்புப் பையில். மருந்து, அதிலேயே. பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்களா, டீக்கடையில் ஒரு அம்மா இருக்கிறார், உள்ளே அவர் மருமகள் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுகிறாள். போன், கடையில் லேண்ட்லைன். தங்க இடம், கடைக்குப் பின்னால் வழிப்போக்கர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு அறை. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா என்று போய்ப் போட்டுப் பார்த்தேன், பலமான தாழ்ப்பாள். இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் பஸ் ஆபீசுக்குப் பேசினேன், அவர்கள் கேப்டனோடு இணைத்துக் கொடுத்தார்கள். வண்டியைத் திருப்பறேன், அங்கேயே இருங்க, ஒரு அடி கூட நகராதீங்க என்றாள். நான் வேண்டாம் என்றேன். நீ போ, படகைப் பிடி, நான் நாளைக்கு வர்ற பஸ்ல வந்துக்கறேன் என்றேன். அவள், இல்லை வார்டன், நான் வர்றேன் என்றாள், நான் மறுபடி வேண்டாம் என்றேன். உனக்குத் தகவல் சொல்லச் சொல்லி உன் எண்ணைக் கொடுத்தேன். அங்கேதான் கோட்டைவிட்டேன், வாசகத்தையும் நானே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அவள் பதற்றத்தில், உங்க அம்மாவை ஏரிக்கரையில விட்டுட்டு வந்துட்டோம், நல்லா இருக்காங்க என்று அனுப்பி வைத்திருக்கிறாள். நீ லொகேஷனைத் திறந்து பார்த்தால், சிக்னல் போன இடத்திலேயே என் புள்ளி, கரையில் கூட இல்லை, ஏரிக்கு நடுவில் நிற்கிறது. உன் நிலைமையில் நானாக இருந்தாலும் பதறித்தான் போயிருப்பேன். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவங்க திரும்பி வர்றேன்னு சொல்லியும் நீ ஏன் வேண்டாம்னு சொன்னே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் படகைத் தவறவிடக் கூடாது என்று தியாகம் செய்ததாக மாமாவிடம் வேண்டுமானால் சொல்லிக்கொள், அவருக்குப் பிடிக்கும். உன்னிடம் நிஜத்தைச் சொல்கிறேன். பஸ் திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது. நான் ஏறியதும் அழுகிற பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்திருப்பேன், நெட்டையனை ஒரு அதட்டு அதட்டி அப்புறம் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கேப்டனைத் தேற்றியிருப்பேன், படகு போனதற்கு எல்லாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். தொலைந்ததும் நான், தேற்றுவதும் நான். அன்றைக்கு அது எனக்கு வேண்டாம் போல இருந்தது. தெம்பில்லாமல் இல்லை, விருப்பம் இல்லை. விருப்பமில்லை என்று ஒரு காரணம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

டீக்கடை அம்மா அதிகம் பேசவில்லை. என் கதையைக் கேட்டுவிட்டு, பஸ்ஸுங்க இப்படித்தான் என்று மட்டும் சொன்னார், சூப் கொடுத்தார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நான் அவர் சர்க்கரை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன், அவர் திரும்பவும் பழையபடி வைத்தார். கப் கழுவப் போனேன், நீங்க தங்க வந்தவங்க, போய் உக்காருங்க என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார். அதனால் மறுபடி ஏரிக்கே போனேன். பொழுது இறங்குகிற நேரம். நம் ஹாஸ்டலில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற நேரம் உனக்கு ஞாபகம் இருக்கும், குழந்தையில் நீ என் பின்னாலேயே வராந்தாவில் ஓடி வந்து ஒவ்வொரு கதவையும் தட்டுவாய், அக்கா இருக்கியா என்று கேட்பாய். தினமும் அந்த நேரத்துக்கு எனக்கு உடம்பிலேயே ஒரு முறுக்கு ஏறும், காய்ச்சலாகப் படுத்திருந்தாலும் ஏறும். அன்றைக்கும் ஏறியது. கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன், யாரை எண்ணுவது. ஒருத்திதான். இருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அந்த முறுக்கு தானாகவே இறங்கிவிட்டது. வீட்டில் பழைய மின்விசிறி இரைந்துகொண்டே இருக்கும், கரண்ட் போனதும்தான் அது அவ்வளவு நேரம் இரைந்தது என்றே தெரியும், அந்த மாதிரி. அழவில்லை, பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. பசித்தது, எழுந்து போய் ரொட்டி சாப்பிட்டேன். அந்த அறையில் படுத்ததும் தூங்கிவிட்டேன். எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளாமல் நான் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று உன் அப்பாவைக் கேள், அவருக்குத் தெரியும்.

மறுநாள் பஸ் சொன்னபடி வந்தது. அதை ஓட்டியவர் என் வயசுக்காரர், நரைத்த மீசை, சிரிக்கவே மாட்டார். ஏறியதும் எனக்குக் கை பரபரத்தது, மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் எழுந்து பஸ்ஸின் கடைசி வரை நடந்து, ஒவ்வொரு சீட்டின் தலைப்பக்கத்தையும் பேனாவால் தட்டிக்கொண்டே எண்ணிவந்தார். என் சீட்டையும் ஒரு தட்டு தட்டினார், என் முகத்தைப் பார்க்கக் கூட இல்லை, அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு ஏனோ அது ரொம்பப் பிடித்திருந்தது. இந்த ஊர் வந்து இறங்கினால் ஹாஸ்டல் வாசலில் என் முதுகுப்பையைக் கட்டிப்பிடித்தபடி நெட்டையன் நிற்கிறான், காப்பி அடித்து மாட்டிக்கொண்ட மாணவன் மாதிரி முகம். வார்டன், இனிமே உங்க குரல்ல பேசவே மாட்டேன் என்றான். பேசு, நல்லாத்தான் பேசறே, திரும்பிப் பார்த்துட்டுப் பேசு என்றேன். காற்று பலமாக இருந்ததால் படகை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டார்களாம், ஆக நானும் அவர்களோடேயே போய் மீன் கூட்டம் பார்த்தேன். மீனை விட நெட்டையன் வாந்தியெடுத்ததைத்தான் எல்லோரும் அதிகம் பார்த்தோம். அப்பா வந்திருந்தால் அவனுக்குத் துணையாக இருந்திருக்கும். கேப்டனிடம் அன்றைக்கே தனியாகப் பேசினேன். நாளையிலிருந்து மறுபடி நீங்கதானே எண்ணுவீங்க என்று கேட்டாள். இல்லைம்மா, நான் பாஸ் எடுத்துட்டு வர்ற பயணி, எண்ணறது உன் வேலை என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுண்டிவிட்டது. பிறகு சரிதான் என்றாள். என்னிடம் கொடுத்து வைத்திருந்த சார்ஜர், சாவி எல்லாவற்றையும் தொலைச்சவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டை ஏற்கெனவே தொலைத்துவிட்டாள், அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இனி உனக்குப் பதில். டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நான் கலங்கரை விளக்கம் வரை போகிறேன். கேப்டனின் பஸ் அந்தக் கடைசிப் பெரிய ஊரோடு திரும்பிவிடும், அதற்கு மேல் உள்ளூர் பஸ்தான், நான் தனியாகத்தான் போவேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அங்கே என்னம்மா இருக்கு என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கும், கடல் இருக்கும், ரோடு முடிந்துவிடும். முடிகிற இடம் வரை போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான் காரணம். உன்னை மதிக்காமல் இதைச் செய்யவில்லை. நீ அந்தத் தூரத்து ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது அங்கே யார் இருக்கா என்று நான் கேட்டேன், போனா தெரியும்மா என்றாய் நீ. நான் உன்னை அனுப்பினேன். பயம் போனதால் அனுப்பவில்லை, பயத்தோடுதான் அனுப்பினேன். நீயும் என்னைப் பயத்தோடேயே அனுப்பு, தப்பில்லை. நீ கேட்டதில் நியாயமானதைச் செய்கிறேன். தங்கப்போகிற இடத்தின் பெயரும் எண்ணும் முன்கூட்டியே உனக்கு வரும். போய்ச் சேர்ந்ததும் என் சொந்த வார்த்தையில் ஒரு வரி வரும், வேறு யாரும் எனக்காக அனுப்ப மாட்டார்கள். இருட்டிய பிறகு ஊர் மாற மாட்டேன். பஸ்ஸில் ஹார்ன் அடித்தால் எழுந்து வந்துவிடுவேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்படியே படுக்கையில் விழாதே, சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படு. தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி, கூட இருக்கிற பெண்களிடம் சொல்லி ஒரு நாளாவது அவர்களைச் சமைக்கச் சொல், எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, அந்த வழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாமா கூப்பிட்டால் மரியாதையாகப் பேசு, ஆனால் நீளமாகப் பேசாதே. அப்பாவிடம் உப்பு ஜாடி அடுப்புக்கு இடதுபக்க அலமாரியில் என்று சொல், நான் சொன்னால் அவருக்கு ஏறுவதில்லை.

நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், நோய் நொடி இல்லாமல், சிரித்த முகமாக, நிறைந்து இரு. அம்மாவின் ஆசி எந்த ஊரில் இருந்தாலும் உன் தலைமேல் உண்டு. டிக்கெட் விஷயம் நாளைச் சாயங்காலத்துக்குள், மறந்துவிடாதே, சக்கர நாற்காலியையும் சேர்த்து. லொகேஷனை நான் அணைக்கப் போவதில்லை, எப்போது வேண்டுமானாலும் பார். ஆனால் தெற்கே பாதி வழிக்கு மேல் ரோட்டில் சிக்னல் கிடையாதாம். புள்ளி ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் யாரையும் கூப்பிடாதே கண்ணு. அம்மா எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நீ போய்த் தூங்கு.

இப்படிக்கு,
உன்னை எண்ணாத நாள் ஒன்றும் இல்லாத,
அம்மா